வன்தட்டு மாற்றிய படலம்

வீடு மாறுவோர் அம்மி, உரல் முதலியவற்றை மறவாது ஏற்றிவிட்டு, கொடியிற் காய்ந்த துணியை விட்டுச்செல்வதுண்டு. நான் விட்டுச்செல்ல இருந்தது அதனினும் பெரிது.

எனது கணினியின் 500 ஜிகாபைட் வன்தட்டு நிறைந்துவிட்டமையால், 4 டெராபைட் கொள்ளும் புதியதொன்றை வாங்கினேன். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுக்குப் பழைய எம்.பி.ஆர். அட்டவணை போதாதாகையால், ஜி.பி.டி. முறையிற் பிரிவுகளை வகுத்தேன். லினக்ஸில் இவ்வேலைக்கு ஆர்சிங்க் என்னுங் கட்டளையே எனக்குப் பிடித்தமானது. கோப்புகளின் உரிமையாளர், அனுமதி, திகதி ஆகியவற்றைக் குலையாமற் கொண்டுசெல்லும். 'ப்ரொக்', 'சிஸ்' என்பன தட்டில் உள்ளவை அல்ல. கேர்னல் நினைவகத்திற் காட்டுந் தோற்றங்கள். அவற்றைப் பிரதி பண்ணாதிருக்க, ஒரே பிரிவுக்குள் நிற்குமாறு பணிக்கும் 'எக்ஸ்' என்ற குறியையும் சேர்த்தேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இத்துணை விரைவு எங்ஙனம் வந்தது என்று ஐயுறவேண்டிய நான், புதிய தட்டை மெச்சிக்கொண்டேன்!

பின்பு, கணினியைத் துவக்கிவைக்கும் க்ரப் என்ற நிரலைப் புதிய தட்டில் நிறுவி, இரண்டு தட்டுகளும் பூட்டியபடியே இயக்கினேன். யாவும் முன்போலவே இருந்தன. காலஞ்சென்ற அம்மாவின் குரற்பதிவுகூட ஒலித்தது. பழைய தட்டை அழித்துத் தமையனாரின் மகனுக்குக் கொடுப்பதாக வாக்களித்திருந்தேன். அவனும் அன்று மாலையே வந்துவிட்டான். அழிக்குங் கட்டளையை எழுதி, 'என்ரர்' விசைமேல் விரலை வைத்திருந்தேன்.

"சித்தப்பா, பழசைக் கழட்டி வைச்சிட்டு ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்" என்றான்.

கழற்றி அவன் கையிற் கொடுத்தேன். கணினி எழும்பவில்லை. மூலப் பிரிவைக் காணோம் என்று கரிய திரையில் முறையிட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் யூ.யூ.ஐ.டி. என்னும் தனி அடையாளம் உண்டு. பிரதியாகிச் சென்ற க்ரப் அமைப்பிலும் எஃப்ஸ்டாப் கோப்பிலும் பழைய தட்டின் அடையாளமே எழுதிக்கிடந்தது. புதியது வாசலைத் திறந்துவிட, உள்ளே குடியிருந்தது பழையதே!

யூ.எஸ்.பி.யிலிருந்து லினக்ஸை இயக்கிப் புதிய தட்டைத் திறந்து பார்த்தேன். 'ஹோம்' அடைவு வெறுமையாய் இருந்தது. பழைய தட்டில் அதற்குத் தனிப் பிரிவு ஒதுக்கியிருந்ததை அடியோடு மறந்துவிட்டேன். 'எக்ஸ்' குறியோ சொன்ன சொல் தவறாமல் அதன் வாசலோடு நின்றுவிட்டது. படங்களும் அம்மாவின் குரலும் பையனின் கையில் இருந்த அந்தத் தட்டில் மாத்திரமே இருந்தன.

மெல்ல அதனைத் திருப்பி வாங்கினேன். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹோமைத் தனியே பிரதிசெய்து முடிக்க நள்ளிரவாயிற்று. அடையாளங்களைத் திருத்தி, க்ரப்பைப் புதுப்பித்து, புதிய தட்டுத் தனித்தே எழும்பி அம்மாவின் குரலை ஒலித்த பின்னரே படுக்கைக்குப் போனேன்.

பையனுக்கு வேறொரு தட்டு வாங்கிக் கொடுத்தேன். பழையது அலுமாரியில் இருக்கிறது.