கையை எடுத்தால் நூந்து போகுது

நெளுக்குளத்தில கேக் போடுற வீடுகள் கூடிக்கொண்டே போகுது. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று ஓடர் வரும். நாங்கள் மூன்று பேரும் காசு சேர்த்து, வெளிநாடு போன ஒரு குடும்பத்திடம் பழைய காஸ் அவன் ஒன்று வாங்கினோம். ஏன் கரண்ட் அவன் வாங்கவில்லை என்று கேட்பவர்கள் 2022 மார்ச் கடைசியை மறந்துவிட்டார்கள். நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. (அப்போது காஸும் கிடைக்கவில்லை, ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது என்பதையும் சொல்லத்தான் வேணும்.)

அவனில் வந்த முதல் கரைச்சல் இதுதான்: திருகியை அமத்திப் பிடித்தால் பத்துது, கையை எடுத்தால் நூந்து போகுது. பார்க்க வந்த அண்ணை ஒரு நிமிசத்தில் தீர்ப்புச் சொன்னார்.

"பிள்ளையள், இந்த சேஃப்டியாலதான் பிரச்சினை. அதைக் கழட்டிப்போட்டு காஸை நேரா விடுறன். பிறகு ஒரு கரைச்சலும் வராது."

"வேண்டாம் அண்ணை, அது இருக்கட்டும்" என்று அனுப்பிவிட்டோம். இந்தக் கட்டுரையே அந்த 'வேண்டாம்'இற்காகத்தான். ஏனென்றால் இப்படிக் கழட்டிய அவன்கள் எங்கள் பக்கத்தில் ஒன்று இரண்டு இல்லை.

அவர் கழட்டப் பார்த்த சாமானுக்குப் பெயர் தேர்மோகப்பிள். பென்சில் முனை மாதிரி ஒரு சின்னக் கம்பி, பர்னருக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டு வகை உலோகத்தை ஒன்றாக ஒட்டி, ஒட்டிய இடத்தைச் சூடாக்கினால் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும், சில பத்து மில்லிவோல்ட். அது ஒரு குட்டி மின்காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், மின்காந்தம் காஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கும். காற்றில் நெருப்பு நூந்தால் கம்பி ஆறும், வால்வு தானாக மூடும். கம்பி சூடாகும்வரை வால்வை எங்கள் கைதான் பிடித்திருக்க வேண்டும், அதனால்தான் திருகியைப் பத்துப் பதினைந்து செக்கன் அமத்தச் சொல்கிறார்கள்.

இது இல்லாவிட்டால்? அடுப்பு நூந்தால் எங்களுக்குத் தெரியும், கண்முன்னால் இருக்கிறது. அவனின் நெருப்போ கதவுக்குப் பின்னால், தட்டுக்கும் கீழே. நாங்கள் முன் விறாந்தையில் ஐசிங் அடித்துக்கொண்டிருப்போம், உள்ளே காஸ் வந்துகொண்டே இருக்கும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு பாரம். மேலே எழும்பிப் போகாது, பெட்டிக்குள்ளும் நிலத்திலும் தேங்கும். 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்த செய்திகள் ஞாபகம் இருக்கும். புரொப்பேன்–பியூட்டேன் கலவையை மாற்றியது சர்ச்சையானது, ஜனாதிபதி விசாரணைக் குழு நியமித்தார். மணத்துக்குச் சேர்க்கும் எதைல் மெர்கப்டன் போதாதென்று கப்பலில் வந்த காஸை இறக்கவிடாமல் நிறுத்தியதும் அந்த டிசம்பரில்தான். அம்மா இன்றைக்கும் ரெகுலேட்டரை மூடிப்போட்டுத்தான் படுப்பா. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதே வீட்டில் சேஃப்டியைக் கழட்ட விடுவதை எங்களால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை.

சரி, எங்கட அவனுக்கு என்ன வருத்தம்? சிலிண்டரை மூடி, அவன் ஆறினபிறகு பார்த்தோம். கம்பி முனையில் கரி பிடித்திருந்தது, வளைந்து நெருப்புக்கு வெளியிலும் நின்றது. மெல்லிய சாண்ட் பேப்பரால் துடைத்து, நெருப்புப் படுகிற இடத்துக்குத் தள்ளிவிட்டோம். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்படியும் நிற்காவிட்டால் கம்பியையே மாற்ற வேண்டும், அது பெரிய விலைச் சாமான் இல்லை.

ஸ்பார்க்கே வராவிட்டால் முதலில் பற்றரி. பிறகு ஈரம்: கழுவிய அன்றும் மாரி மழை நாளிலும் மக்கர் பண்ணும். வெள்ளைப் பீங்கான் வெடித்திருந்தால் சத்தம் கேட்கும், ஆனால் பொறி வேறெங்கோ பாயும். சிலிண்டரை மூடி, லைட்டை நூத்து, இருட்டில் பார்த்தால் பிடிபட்டுவிடும். எப்படியோ, பத்துப் பதினைந்து செக்கனில் பத்தாவிட்டால் திருகியை மூடி, கதவையும் யன்னலையும் திறந்து ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். உடனே அடுத்த நெருப்புக்குச்சியைக் கிழிக்கிறதுதான் ஆபத்து.

சூடு போதாத பிரச்சினைதான் நீளமானது. கேக்கின் நடுப்பகுதி களியாக நின்றால் எல்லாரும் மாவைத்தான் குறை சொல்லுவார்கள். நெருப்பின் நிறத்தைப் பாருங்கோ. நீலம் நல்லது. மஞ்சளாகி, தட்டின் அடியில் கரி பிடித்தால் காற்றுப் போதவில்லை. கொஞ்ச நாள் பாவிக்காமல் விட்டால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டிவிடும். ஜெட் ஓட்டையை ஊசியால் குத்த வேண்டாம், பெருத்துப் போகும். நெருப்புச் சின்னதாக எரிந்தால் சிலிண்டரை அரிசி நிறுக்கிற தராசில் வையுங்கோ: வெறும் சிலிண்டரின் நிறை அதிலேயே அடித்திருக்கும், மிச்சம்தான் காஸ். கதவு இடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கோ. சும்மா வந்தால் ரப்பர் போய்விட்டது.

திருகியில் 180 என்று எழுதியிருப்பதை நம்பி நாங்கள் கேக் வைப்பதில்லை. உள்ளே வைக்கிற சின்னத் தேர்மோமீற்றர் ஒன்று வாங்கினோம், பதினைந்து இருபது நிமிடம் சூடாக்கி அதைத்தான் பார்க்கிறோம். பின்பக்க இடது மூலை இப்பவும் சூடு கூடத்தான். அரைவாசி நேரம் போனதும் தட்டைத் திருப்பி வைக்கிறோம்.