புண் என்று சொன்னேன்

அப்பாவுக்கு வந்தது உணவுக்குழாயில் ஸ்மால் செல் கார்சினோமா. நுரையீரலில் அதிகம் தென்படும் வகை. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். சீக்கிரமே ரத்தம் வழியாகக் கல்லீரல் வரை பரவிவிடும் என்பதால் ஆபரேஷனைவிடக் கீமோவையும் கதிர்வீச்சையும்தான் டாக்டர்கள் நம்புகிறார்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்றே இதெல்லாம் எனக்குத் தெரியும். அப்பாவிடம், "குழாயில புண்ணுப்பா, ட்ரிப்ஸ் ஏத்துனா ஆறிடும்" என்றேன்.

டாக்டர் அவரிடம் பேச வந்தபோது வாசலிலேயே மறித்து, "பேரைச் சொல்லிடாதீங்க சார், தாங்கமாட்டார்" என்று கெஞ்சியது நான். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் நான். தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளிக்காக, அவசர நிலை இல்லாதபோது, பெற்ற தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைப் பிறகுதான் படித்தேன். செய்வது தப்பென்று புரிய எனக்குத் தீர்ப்பு தேவைப்படவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

கீமோ தொடங்கியது: சிஸ்பிளாட்டின் ஒரு நாள், எட்டோபோசைட் மூன்று நாள். 21 நாளுக்கு ஒரு சுற்று. அடுத்த சுற்றுக்குள் தலையணையெல்லாம் முடி. ஒரு கொத்தைக் கையில் எடுத்துக் காட்டி, "புண்ணுக்கு ஏன்டா முடி கொட்டுது?" என்றார்.

"மருந்து சூடுப்பா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்கவே இல்லை.

இந்த வகைக் கட்டி முதலில் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். அப்பாவுக்கும் சுருங்கியது. கஞ்சிகூட நெஞ்சில் நின்ற மனுஷன் குழைந்த ரசம் சாதம் சாப்பிட்டார். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். தெம்பாக இருந்த அந்த நாட்களில்தான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

நாவலூரில் ஓஎம்ஆர் சாலையோரம் நிலத்துக்கு விலை ஏறிய காலத்தில் பாகப்பிரிவினைத் தகராறு வந்து, சித்தப்பாவோடு அப்பாவுக்குப் பேச்சே நின்றுபோயிருந்தது. "உடம்பு தேறட்டும், கேளம்பாக்கம் போயி அவனைப் பாத்துட்டு வரணும்" என்றார் அப்பா. "போலாம்பா, என்ன அவசரம்?" என்றேன். அவசரம் என்னவென்று தெரிந்தே சொன்னேன்.

நோய் கல்லீரலில் திரும்பியது. சித்தப்பா வந்து கட்டிலருகே நின்றபோது அப்பாவுக்கு ஆளே தெரியவில்லை. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார் சித்தப்பா.

"அப்பாகிட்டயே சொல்லலை சித்தப்பா" என்றேன்.