34 டிகிரியில் விழுந்தவர்

"ரியாத்துல 45 டிகிரியில வேலை பார்த்த ஆளு, இங்க 34-க்கே சுருண்டு போறியா?"

கிள்ளானில் ஒரு கட்டுமான சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ராமநாதபுரத்துத் தம்பியிடம் நான் இப்படிக் கேட்டேன். அன்று பிற்பகலே அவர் நினைவிழந்து விழுந்தார். 2016 ஏப்ரல் மாதம், எல் நினோ வெயில். நான் அங்கே சூப்பர்வைசர். நடந்ததில் பாதிதான் என் மனைவிக்கே தெரியும்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. எஸ்டிபிஎம் தேர்வுக்குப் புவியியல் எடுத்துப் படித்தவன் நான். வெப்பப் பாலைவனங்கள் எப்படி உண்டாகின்றன என்று கேட்டால் இன்றும் சொல்வேன். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் ஈரக்காற்று சூடாகி மேலே எழுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை நேரத்தில் இடியோடு கொட்டுகிறதே, அந்த மழையாகத் தன் ஈரத்தை இங்கேயே இறக்கிவிடுகிறது. பிறகு உயரத்திலேயே வடக்கும் தெற்குமாக நகர்ந்து, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடேறும், மேகம் கூடவிடாது. சகாராவும் அரேபியப் பாலைவனமும் வறண்டு கிடப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். ரியாத்தில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் 2,000-க்கும் மேல்.

இவ்வளவும் தெரிந்தவன், அடுத்த கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். பாலைவனத்து வறண்ட காற்றில் அது உடனே காய்ந்துவிடும். தண்ணீரை மட்டும் விடாமல் குடிக்க வேண்டும். இங்கே மழைநாளில் கொடியில் போட்ட துணிமாதிரி, காயவே காயாது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 45 டிகிரி வெப்பமும் 10 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அது சுமார் 21 டிகிரி காட்டும். 34 டிகிரியும் 65 சதவீதமும் என்றால் 28-ஐத் தாண்டும். நான் எதை லேசு என்றேனோ, அதுதான் அவர் உடம்புக்குக் கடினமாக இருந்தது.

காலையிலிருந்தே அவர் முகம் சரியில்லை. கம்பி முறுக்கும் கொக்கி கை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், எதற்குக் குனிந்தோம் என்பதே மறந்ததுபோல் அப்படியே நின்றார். "பாஸ், அங்க கோடையில மத்தியானம் வேலைய நிறுத்திடுவாங்க" என்றார். உண்மைதான். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நேர்வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. அதோடு, அவர் இங்கே வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதிய வெக்கைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரமாவது பிடிக்கும். எனக்கோ மறுநாள் காங்கிரீட் லோரிக்குச் சொல்லியாகிவிட்டது என்ற கவலை மட்டும்தான்.

தூக்கியபோது உடம்பு கொதித்தது. சட்டை நனைந்திருந்தது. ஹீட் ஸ்ட்ரோக் என்றால் வியர்வை நின்றுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, இது வெறும் மயக்கம்தான் என்று நிழலில் கிடத்தி நேரத்தைக் கடத்தினேன். கடும் உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் பழுதாகி ஊர் திரும்பினார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எந்த அறியாமையின் மீதும் போட முடியாது. "காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயங்கினார்" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று காலை என் எதிரில் உட்கார்ந்துதான் அவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். அப்படி எழுதும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் வேலை போய்விடுமே என்று நானாக எழுதினேன். அந்த ஒரு வரியால் அது வேலையால் வந்த பாதிப்பு இல்லை என்றாகி, இழப்பீடாக ஒரு காசு அவருக்குப் போகவில்லை. அவருடைய ஊர் எண் என்னிடம் இருந்தது. அழைக்கவில்லை. அந்த வரியைத் திருத்த எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை.

ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களே, புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், வியர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். அறிக்கையில் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.