நாகசுரமும் நூறு கிலோமீற்றரும்

நாகசுரம் திறந்தவெளிக்கென்றே வாய்த்த கருவி. கோயில் வீதியில், மின்சாரத்தின் துணை எதுவுமின்றித் தேரடிவரை சென்று சேரும் குரல் அதற்குண்டு. அக்குரலும் காற்றிடம் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது என்பதை, ரொறன்ரோவில் வாழும் அத்தானின் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்தே நாம் அறிந்தோம்.

கியூபெக் மாகாணத்து வால்கோர்ட் என்னும் சிற்றூர், பனியில் ஓடும் ஊர்திகளைச் செய்த பொம்பார்டியே பிறந்த ஊர். அவர் தொடங்கிய தொழிலின் வழிவந்த நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'ஸ்பைடர்' வகை வண்டி அது. முன்னே இரண்டு சக்கரம், பின்னே ஒன்று; நம்மூர் ஆட்டோவைத் திருப்பி வைத்தாற்போல் இருக்கும். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் இரு சக்கர வண்டியைச் சமிக்ஞை விளக்கில் காலூன்றித் தாங்க இயலாத அத்தானுக்கு இதுவே வழியாயிற்று.

அத்தானின் தந்தையார் அளவெட்டிப் பக்கத்து நாகசுரக்காரர். எழுபதுகளில் ஒரு திருவிழா இரவில் பதிவான ஒலிநாடா மட்டுமே எஞ்சியது. புகைப்படம்கூட இடப்பெயர்வுகளில் தப்பவில்லை. அந்த ஒலிநாடாவைக் கணினியில் ஏற்றி, வண்டியில் போட்டுக் கேட்பார். நெடுஞ்சாலை ஏறியதும் தவில் மறைந்துவிடும்.

"சத்தம் காணும் தம்பி. தொப்பியடிதான் கேக்கேல்லை" என்றார்.

கூடுதல் ஒலிபெருக்கிகளும் வலுவான அம்பிளிபயரும் பொருத்துவது என்பது அவர் முடிவு. பொருத்துவதில் பெரிய மர்மம் இல்லை. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் படகுத்தர ஒலிபெருக்கி வேண்டும். மின்கம்பியில் உருகி பற்றரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். பூமிக்கம்பி சரியாக அமையாவிடில் இயந்திரத்தின் இரைச்சல் பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. 50 வாற்றை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபெல்லைத் தாண்டும். அது பெரும்பாலும் தாழ்ந்த சுருதி. எனவே வலந்தலை ஒருவாறு தப்பினாலும் தொப்பி மூழ்கிவிடும். குறை ஒலிபெருக்கியில் இல்லை.

அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் (அதன் சுருக்கப்பெயர் நயோஷ்) 85 டெசிபெல்லுக்கு நாளொன்றில் 8 மணிநேரத்தை எல்லையாக வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்நேரம் பாதியாகும். 100ஐ எட்டினால் 15 நிமிடமே. அத்தானோ உலோகத் தகடு அழுத்தும் ஆலையில் 22 ஆண்டுகள் நின்றவர். உயர்சுருதிகள் பல அவருக்கு ஏற்கெனவே இல்லை என்று செவிப் பரிசோதகர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சீவாளியின் கூர்மையை இழந்துகொண்டிருப்பவர், தவிலைத் தேடி எஞ்சியதையும் செலவிடுவதா? எமக்கு அது ஏற்கவில்லை, சொன்னோம்.

செவிப் பரிசோதகர் காட்டிய வழி பஞ்சடைப்பான் போன்ற சிறு பொருள். காதை அடைத்தால் இரைச்சலும் இசையும் சேர்ந்தே குறையும். ஆனால் பேரிரைச்சலில் திணறும் செவி, அளவு தணிந்ததும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியத் தொடங்கும்.

"காதைப் பொத்திக்கொண்டு ஐயாவின்ர வாசிப்பைக் கேக்கிறதோ!"

அவமரியாதை என்றே கருதினார். ஒரு வாரம் அடைப்பான் மேசையில் கிடந்தது. அக்காதான் அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டார். பிறகு ஒரு ஞாயிறு, 80இல் ஓடிக்கொண்டிருந்தபோது, எமக்கு முன்னால் அவருடைய இடது கை தொடையில் தாளம் போடத் தொடங்கிற்று. கைப்பிடியைப் பிடியுங்கள் என்று நாம் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

புதிய ஒலிபெருக்கி இரண்டு மட்டும், அளவான வலுவில் பொருத்தினார். அம்பிளிபயருக்கு வைத்திருந்த பணத்தில் உயரமான முன்கண்ணாடி வந்தது. இப்போது கிங்ஸ்ரனுக்கு 401ஐ விட்டுப் பழைய 2ஆம் இலக்கச் சாலையில், 60இல் போகிறாராம். மூன்று மணிநேரப் பயணம் நாள் முழுவதும் ஆகிறது என்று அக்கா தொலைபேசியில் குறைபட்டார்.