எந்த நளன்?

சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் உட்கார்ந்திருந்தார்கள். தமயந்தி முகங்களைப் பார்த்து மயங்கவில்லை. கண் இமைக்கிறதா, கால் தரையில் பாவுகிறதா, மாலை வாடியிருக்கிறதா என்று கவனித்தாள். பிறகுதான் மாலையிட்டாள். கம்ப்யூட்டர் பழகுகிறவர்களுக்கு அவளைவிட நல்ல ஆசிரியை கிடையாது என்பது என் கட்சி.

கதை எழுதுகிறவனுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் அக்கா மகன் இஞ்சினீயரிங் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன், "மாமா, உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு ரௌட்டரை ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்றான்.

"பெட்டி எங்கேடா?"

"பெட்டி கிடையாது, வெறும் பைல்தான். இமேஜ் என்பார்கள்."

உடல் இல்லாமல் உயிர் மட்டும் உள்ள ரௌட்டர்! பெயர் ஓப்பன் டபிள்யூஆர்டி. லிங்க்ஸிஸ் கம்பெனி தன் ரௌட்டர் ஒன்றின் மூலநிரலை 2003-ல் வெளியிட, அதிலிருந்து 2004-ல் பிறந்த பொதுச் சொத்து அது.

அதன் பைல்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஆனால் பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது. 'ஈஎஃப்ஐ' என்றிருந்தால் புது முறையில் துவங்கும் இயந்திரத்துக்கு. இல்லையேல் பழைய பயாஸுக்கு. 'ஸ்குவாஷ்எஃப்எஸ்' என்றால் எப்படிக் குழப்பினாலும் ஆதி நிலைக்குத் திரும்பலாம். 'எக்ஸ்ட்4' என்றால் அந்தச் சௌகரியம் இல்லை.

பெயரை யாரும் சூட்டிக்கொள்ளலாமே! 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட்டின் வலைத்தளத்துக்குள் புகுந்தவர்கள், அசல் பெயரிலேயே கள்ளக்கதவு வைத்த இமேஜுக்கு வழியைத் திருப்பிவிட்டார்கள். ஆகவே பையன் பைலின் கைரேகையைப் பார்த்தான். ஷா-256 என்ற கணக்கு எந்தப் பைலையும் 64 எழுத்துக்களாகச் சுருக்கிவிடும். உள்ளே ஓர் இம்மி மாறினாலும் கைரேகை முற்றும் வேறாகிவிடும். நண்பன் பென் டிரைவில் கொடுத்த பைலின் கைரேகை, வெளியீட்டாளர் கையொப்பமிட்ட பட்டியலோடு ஒத்துப்போகவில்லை. பாதியில் அறுந்த பிரதியாகவும் இருக்கலாம். அவன் வாதாடவில்லை, அழித்துவிட்டு, அசல் இடத்திலிருந்து புதிதாக இறக்கிச் சரிபார்த்தான்.

அசல் நளன்தான் என்று தெரிந்த பிறகும் நேரே கூடத்துக்கு அழைத்துவிடவில்லை. இந்த ரௌட்டர் முதலில் கண் விழிக்கும்போது கடவுச்சொல்லே இராது. தன் விலாசம் 192.168.1.1 என்று அறிவித்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் விலாசம் வழங்கத் தொடங்கிவிடும். வீட்டில் ஏற்கெனவே அந்த உத்தியோகம் பார்க்கும் ரௌட்டரோடு மோதினால், போன்களெல்லாம் வழி தெரியாமல் திண்டாடும். எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றில் யாரோ இப்படி இணைத்துவிட, ஒரு காலைப்பொழுது முழுவதும் வேலை ஓடவில்லை.

அதனால் பையன் அதை வெளித்தொடர்பில்லாத தனி வலையில், திண்ணையில் உட்கார வைத்தான். கடவுச்சொல் வைத்தான், விலாசத்தை மாற்றினான், விலாசம் வழங்கும் வேலையை நிறுத்தினான், அந்த நிலையை ஒரு நகல் எடுத்து வைத்தான். அப்புறம்தான் வீட்டு வலையில் சேர்த்தான்.

காப்பி கொண்டுவந்த அக்கா, "ஒரு பைலுக்கா இத்தனை மடி?" என்று சிரித்தாள்.

"உன் பாங்குக் கணக்கும் என் கடிதங்களும் ரௌட்டர் கைவழியாகத்தான் போக வேண்டும், அக்கா. தபால்காரனே வேஷக்காரனாக இருந்தால் கடிதத்தை ஒட்டி என்ன பிரயோஜனம்?" என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பென் டிரைவை முதலில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்" என்றாள்.