அளவு தவறாத பல்

சென்ற ஆண்டு படியில் வழுக்கி விழுந்ததில் என் மேல்வரிசை முன்பல் ஒன்று போயிற்று. 'ஃபா' எனும் எழுத்தை ஒலிக்க, மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொட வேண்டும். ஓதிக் கொடுப்பவன் நான். என் கவலையைச் சொல்லவும் வேண்டுமோ?

பல் மருத்துவர் தாடையெலும்பில் டைட்டானியம் திருகொன்றைப் பதித்தார். ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனேமார்க் 1965இல் மனிதருக்கு முதன்முதலாகச் செய்த முறை இது. எலும்பு அத்திருகை இறுகப் பற்றச் சில மாதங்களாயின.

பின்னர், அதன்மேல் வைக்கும் பல்லுக்கு அளவெடுத்தார். வாயில் பசை நிரப்பி அச்செடுக்கவில்லை. திருகின்மேல் சிறு அளவுக்கட்டையொன்றை முடுக்கி, ஸ்கேனரை வாய்க்குள் மெல்ல நகர்த்தினார். திரையில் என் பல்வரிசை எழுந்தது. அக்கட்டையின் வடிவம் கணினிக்கு முன்பே தெரியும். அது நிற்கும் நிலையைக் கொண்டே ஈறுக்குள் மறைந்த திருகின் இடத்தையும் சாய்வையும் கணித்துவிடுகிறது.

முடிந்ததென எழுந்தேன். அவரோ எக்ஸ்ரே எடுத்தார். கட்டைக்கும் திருகுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி! கழற்றி முடுக்கி, மீண்டும் ஸ்கேன் செய்தார்.

"படம் நன்றாகத்தானே இருந்தது, டாக்டர்?"

"கட்டை கோணலாய் நின்றாலும் படம் நன்றாகவே இருக்கும், ஹஜ்ரத். பல்தான் பொருந்தாது."

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு உண்டு. அது சிறிது விட்டுக்கொடுக்கும். பதித்த திருகுக்கு அது இல்லை. பொருந்தாத பல்லால் அதை இணைக்கும் திருகு தளரக்கூடும்.

உங்கள் இல்லத்தில் எவரேனும் இச்சிகிச்சைக்குச் சென்றால், "கட்டை சரியாக அமர்ந்ததா?" என ஒரு வார்த்தை கேளுங்கள். புதுக் கருவியாயினும் சரிபார்க்க மனிதர் வேண்டும்.

இன்று 'ஃபா' பிழையின்றி ஒலிக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்!