ரிவிட் தெறித்த இடம்

மதுரை கே.கே. நகரை ஒட்டிய மாட்டுத்தாவணி நிலையத்தில் கொஞ்சம் வயதான வெளியூர்ப் பேருந்து எதில் ஏறி உட்கார்ந்தாலும் சரி, சன்னலுக்கு மேலே உட்கூரைத் தகடுகளின் இணைப்பை மூடிச் செல்லும் அலுமினியப் பட்டையைக் கண்ணால் தொடர்ந்துபோய்ப் பாருங்கள். மங்கிய ரிவிட் தலைகள் வரிசையாக இருக்கும்; நடுவில் ஒன்றிரண்டு மட்டும் பளபளப்பாக இருக்கும். ஓரிடத்தில் ரிவிட்டுக்குப் பதில் திருகாணி. இன்னோரிடத்தில் வெறும் ஓட்டை, அதைச் சுற்றிக் கருஞ்சாம்பல் பொடி. அந்த வண்டி எப்படி ஓடியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதை இந்த ஒரு வரிசையை வைத்தே பெருமளவு சொல்லிவிடலாம். உள்ளே ரிவிட் தெறித்தால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: ரிவிட் கன்னை எடுத்து, அதே ஓட்டையில் புதிதாக ஒன்றை அடித்துவிட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். இது பாதி வேலை என்பதும், சில நேரம் கெடுதலான வேலை என்பதும் என் எண்ணம். தெறித்த ரிவிட் வேறெங்கோ இருக்கும் கோளாறைக் காட்டிக்கொடுக்கிறது. அந்தக் கோளாறைத் தேடாமல் ரிவிட்டை மட்டும் மாற்றினால், கிடைத்த தடயத்தை நாமே அழித்தவர்களாகிறோம்.

இந்த உட்பட்டைகளில் அடிக்கும் பாப் ரிவிட் எதற்காக வந்தது என்று தெரிந்தால் இது விளங்கும். கெட்டி ரிவிட் அடிக்கத் தகட்டின் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒருவர் முன்னாலிருந்து சுத்தியலால் அடிக்க, மற்றவர் பின்னால் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும். பின்பக்கம் கை நுழையாத இடத்துக்காக வந்ததுதான் பாப் ரிவிட். 1916இல் ஹாமில்டன் வைலி பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். உள்ளே துளையுள்ள சிறு குழாய், அதற்குள் ஓர் ஆணி. ஆணியை இழுத்தால் குழாயின் பின்முனை உப்பிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஆணி முறிந்து விழும். குழாய் என்பதால் அதே தடிமனுள்ள கெட்டி ரிவிட்டின் பலம் இதற்குக் கிடையாது. வண்டிகளின் உட்சுவரில் இதையே அடிப்பதற்குக் காரணம், வெளித்தகட்டைப் பொருத்திய பின் உட்தகட்டின் முதுகுப்பக்கம் யாரும் போக முடியாது என்பதுதான். அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் இழுவை வீடுகள் இந்த முறைக்குப் பேர்போனவை. படப்பிடிப்புத் தளத்துக் கேரவன் நமக்குத் தெரியும். அதுபோலன்றி ஏர்ஸ்ட்ரீமுக்கு எஞ்சின் கிடையாது, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் வீடு அது. கிளைடர் விமானம் கட்டிய ஹாலி பவுலஸின் வடிவத்திலிருந்து வாலி பயம் 1936இல் அதை உருவாக்கினார். 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வைத்த கூண்டும் மாற்றியமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீம்தான். ஏர்ஸ்ட்ரீமின் வெளித்தோலில் கெட்டி ரிவிட், உட்தோலில் பாப் ரிவிட். விமானத்தைப் போலவே இரண்டு தோலும் விலா எலும்புகளோடு சேர்ந்து சுமையைத் தாங்கும்படி கட்டிய உடம்பு அது. அந்த வண்டிகளில் உள் ரிவிட் தெறிப்பது வெறும் அலங்காரக் குறை ஆகாது. கூடு முறுக்கிக்கொள்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

நம் பேருந்து அப்படிக் கட்டப்பட்டதில்லை என்று ஒருவர் உடனே மறுக்கலாம். அவர் சொல்வது சரி. கரூரில் கூண்டு கட்டும் பட்டறைகளில் சேசிஸ் மேல் முதலில் எழுவது இரும்புக் குழாய்களாலான சட்டகம். சுமையைத் தாங்குவது அதுதான். அலுமினியத் தகடு அதன் மேல் போர்த்தும் சட்டை. உட்பட்டையில் நாலு ரிவிட் போனால் கூரை இடிந்து விழாது. தகடு கடகடக்கும், மழைக்காலத்தில் தோளில் சொட்டும், அவ்வளவுதான். ஆனால் சட்டகம் இரும்பும் சட்டை அலுமினியமுமாக இருப்பதே ரிவிட்டுக்கு வேறொரு தொல்லையைத் தருகிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் இரும்பு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். அலுமினியம் 23 பங்கு நீளும். மதுரை வெயிலில் மதியம் நிற்கும் வண்டியின் கூரை, விடிகாலையில் இருந்ததைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் நீளத்துக்கு அலுமினியம் 9 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். இரும்பு 5 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. தகடுகள் துண்டு துண்டாக இருப்பதால் இந்த நாலு மில்லிமீட்டரும் ஓரிடத்தில் சேராது. பல ரிவிட்டுகள் பங்கிட்டுக்கொள்ளும். ஆனாலும் பகலில் ஒரு திசையில் இழுபட்டு இரவில் மறுதிசையில் தளர்வது நாள் தவறாமல் நடக்கிறது. இராமேசுவரம் போய்வரும் வண்டிகளுக்கு இதோடு உப்புக்காற்றும் சேரும். இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உப்பீரம் படிந்தால் முதலில் அரிக்கப்படுவது அலுமினியம். இரண்டுக்கும் இடையில் பிரைமரோ ஒட்டுநாடாவோ வைக்காத இணைப்பில் ஓட்டையின் விளிம்பு வெள்ளைப் பொடியாக உதிரும். ரிவிட் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

வெயிலைவிடப் பெரிய காரணம் அதிர்வு. பெரிய பேருந்தின் சக்கரம் ஒரு சுற்றில் 3.3 மீட்டர் அளவுக்கு ஓடும். மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். ஒரு பயணத்தில் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 1,40,000 முறை சுற்றுகிறது. அதில் ஒன்று சமன் தப்பியிருந்தால், சுற்றுக்கு ஒரு தட்டு என்று 1,40,000 தட்டுகள் கூண்டுக்குள் போகின்றன. வேகத்தடையும் பள்ளமும் இந்தக் கணக்கில் சேராதவை. இரும்புக்கு ஓர் எல்லை உண்டு; அதற்குக் கீழான சுமையை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லையே கிடையாது. சுமை எவ்வளவு சிறிதானாலும், போதுமான தடவை வந்துகொண்டிருந்தால் அது ஒருநாள் விரிசல் விடும். இதனால்தான் தெறித்த ரிவிட்டின் எண்ணிக்கையைவிட அது தெறித்த இடத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். சக்கரத்துக்கு நேர் மேலே கூட்டமாகத் தெறித்திருந்தால் சமன், அதிர்வுதாங்கி, பட்டை ஸ்பிரிங் மூன்றையும் பார்க்க வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பகுதியில் தெறித்தால் அங்கே பாரம் கூடுதலாக ஏறுகிறது, அல்லது சட்டகத்தைச் சேசிஸோடு கட்டும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. கதவு வாசலின் மூலைகளில் தெறித்தால் கூண்டு சாய்சதுரமாக முறுகுகிறது. ஏர்ஸ்ட்ரீம் இழுவை வீடுகளிலும் இதே முறைதான்: அவற்றில் பலவற்றின் அச்சில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ளே பொதிந்த ரப்பர் இருக்கிறது, பல ஆண்டுகளில் அது இறுகிவிட்டால் சாலையின் அடி முழுதும் கூட்டுக்குள் ஏறி, உள் ரிவிட்டுகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். அச்சை மாற்றாமல் ரிவிட் அடித்துக்கொண்டே இருப்பவருக்கு அந்த வேலை முடிவதேயில்லை.

ரிவிட் வரிசை எப்படித் தோற்கிறது என்பதை முழுமையாக ஆராய்ந்து வைத்திருப்பவர்கள் விமானக்காரர்கள். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் ஹீலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737, 24,000 அடி உயரத்தில் முன்பகுதிக் கூரையை இழந்தது. ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குத் தகடு பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். மற்ற 94 பேரோடு விமானம் மாவி தீவில் இறங்கியது. அந்த விமானம் அதற்குள் 89,680 முறை பறந்திருந்தது, பெரும்பாலும் கடலோரக் குறுந்தூரப் பயணங்கள். அதன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பில் ஒட்டுப்பசையும் ரிவிட்டும் சேர்ந்தே சுமை தாங்க வேண்டும் என்பது திட்டம். பசை விட்டுப்போனதும் மொத்தச் சுமையும் ரிவிட்டுகளுக்கு வந்தது. ரிவிட் தலை தகட்டோடு சமமாக உட்காரக் குழிவாகக் குடைந்திருந்ததால் ஓட்டைகளின் விளிம்பு கத்திமுனையாக மெலிந்திருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் மயிரிழை விரிசல் பிறந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த விரிசலும் ஆபத்தானதாக இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை ஒரு நொடியில் கைகோத்துக்கொண்டபோதுதான் கூரை போனது. விசாரணையில் தெரியவந்த ஒரு செய்தி என் மனத்தைவிட்டுப் போவதேயில்லை: விமானத்தில் ஏறும்போதே வாசல் அருகே தகட்டில் நீளவாக்கில் ஒரு விரிசலைப் பயணி ஒருவர் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தது தவறாக இருக்கலாம், இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களே என்று நினைத்திருக்கலாம். பேருந்தில் தலைக்கு மேல் ஆடும் பட்டையைப் பார்த்துக்கொண்டு ஊர் வந்ததும் இறங்கிப்போகும் நாமும் அதைத்தான் செய்கிறோம். பேருந்துக்கு உள்ளே காற்றழுத்தம் ஏற்றுவதில்லை, அது அப்படி வெடிக்காது. இந்த ஒப்புமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ரிவிட் போனால் அதன் பங்கு பக்கத்திலுள்ள இரண்டுக்கும் போகிறது. அடுத்து தெறிப்பது எது என்பதை முதலில் தெறித்ததே தீர்மானித்துவிடுகிறது.

அப்படியானால் இன்னும் பலமான ரிவிட் அடித்தால் என்ன? அலுமினியத்துக்குப் பதில் எஃகு ரிவிட், அதுவும் போதாதென்றால் போல்ட். நல்ல எண்ணத்தில் செய்யப்படுவது. ஆனால் விளைவு தலைகீழ். ரிவிட் மென்மையாக இருப்பதால்தான் கெடுதல் அதோடு நிற்கிறது. அதைக் கடினமாக்கினால் அசைவு நிற்பதில்லை. ரிவிட்டை அறுத்த விசை இப்போது தகட்டை அறுக்கிறது, வட்ட ஓட்டை முட்டை வடிவமாகிறது. சில ரூபாய்ப் பொருளைக் காப்பாற்ற ஒரு தகட்டைத் தியாகம் செய்ததாகும். உப்பீரம் உள்ள ஊரில் எஃகு அரிப்பையும் கூட்டும். திருகாணி அதைவிட மோசம்: அதிர்வில் தானாகத் திரும்பிக் கழன்று, கூர்முனையோடு இருக்கையில் விழும். பசை போடலாமே என்பவர்களின் வாதத்தில் கூடுதல் வலு இருக்கிறது. புதிய பேருந்துகளில் தகடுகளைப் பசையால் ஒட்டும் முறை வந்திருக்கிறது. பசை சுமையைப் பரப்பு முழுதும் விரிக்கும், ஓட்டையே தேவையில்லை, ஓட்டை இல்லாத இடத்தில் ஓட்டையின் விரிசலும் இல்லை. புதிதாகக் கட்டும் வண்டிக்கு அது நல்ல வழி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். பழைய வண்டிக்கு அது கடினம். பரப்பை எண்ணெய், துரு, பழைய வண்ணம் எதுவுமின்றித் துடைத்து, காயும்வரை அசையாமல் நிறுத்த வேண்டும். அவசரத்தில் ஒட்டிய பசை உள்ளே விட்டுப்போனால் வெளியில் தெரியாது. ரிவிட் தெறித்தால் கண்ணில் படும், காதில் கேட்கும். நான் அதன் பக்கம் நிற்பதற்கு இது பெரிய காரணம்.

சாயங்காலம் வண்டி தடத்தில் இருக்க வேண்டும், காரணம் தேட நேரம் ஏது என்பதுதான் எல்லாவற்றிலும் நேர்மையான மறுப்பு. இதற்குப் பதில் மதுரையின் பழைய பேருந்து வரலாற்றிலேயே இருக்கிறது. 1912இல் பேருந்துத் தொழிலில் இறங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரைப் பற்றி ஊரில் சொல்லப்படும் செய்தி அது. அந்நாளில் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் நிறைந்த சாலைகளில் லாட ஆணிகள் சிதறிக் கிடந்தன. டயருக்கு டயர் பஞ்சர். நேரம் தவறாமையைப் பெருமையாக வைத்திருந்த சேவைக்கு இது பெரிய இடி. ஒட்டுப்போடும் ஆட்களைக் கூட்டியிருக்கலாம், மாற்றுச் சக்கரத்தை அதிகமாக ஏற்றியிருக்கலாம். அவர் செய்தது காந்தம் பொருத்திய வண்டியொன்றை அந்தத் தடத்தில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கியது. ஆணி தன்னுடையதில்லை, சாலையும் தன்னுடையதில்லை. பஞ்சர் மட்டுமே தன்னுடையது. ஆனாலும் அவர் ஆணியைத் தேடிப் போனார். நேரம் மிச்சமாவது அந்த வழியில்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஓட்டையில் மூன்றாம் முறை ரிவிட் அடிக்கும் பட்டறை, ஒருமுறை சக்கரச் சமன் பார்க்கும் நேரத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டது.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். தெறித்த இடத்தை நிரப்பும் முன் பக்கத்திலேயே தேதியை மார்க்கர் பேனாவால் குறித்துவிட வேண்டும். அடுத்த முறை அதே இடத்தில் தெறித்தால் காரணத்தைத் தேடாமல் வண்டியை அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். கருஞ்சாம்பல் பொடி படிந்த ரிவிட் இன்னும் தெறிக்காவிட்டாலும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எடுக்கும்போது தலையை மட்டும் துளையிட்டு, ஓட்டை பெரிதாகாமல் மிச்சத்தைத் தட்டி எடுப்பது நல்லது. உடைந்த ஆணித் துண்டுகளைச் சுவருக்குள் தள்ளிவிட்டால் அவை அங்கேயே கிடந்து உருளும், அரிக்கும். ஓட்டை ஏற்கெனவே அகன்றிருந்தால் 3.2 மில்லிமீட்டர் ரிவிட்டை விட்டு 4 மில்லிமீட்டருக்குப் போகலாம். முட்டை வடிவமாகியிருந்தால் பின்னால் ஒரு பட்டை கொடுத்துப் பக்கத்தில் புதிய ஓட்டை போடுவதே முறை. சேர்க்கும் தகடுகளின் மொத்தத் தடிமனுக்குப் பொருந்தும் நீளத்தைத் தேர்ந்தெடுக்காமல் பெட்டியில் கிடைத்ததை அடிப்பது இன்னொரு பொதுவான தவறு. நீளம் போதாத ரிவிட் அடித்த அன்றே பாதி தளர்ந்ததுதான். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காக வண்டி எப்படியும் பட்டறையில் நிற்கிறது. பெயின்ட் அடிக்கும் முன் உட்கூரையில் குறித்த தேதிகளை ஒரு தாளில் படமாக எழுதிக்கொண்டு, எந்தச் சக்கரத்தின் மேல் அவை கூடியிருக்கின்றன என்று பார்த்து, அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.